மன்றப் பணிகள்: ஒப்பனை அறைக்கு ஒளிக்கண்ணாடி

நம் சங்க மண்டபத்தின் ஒப்பனை அறையைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கவிருக்கின்றது. எல்.இ.டி. விளக்குப் பொருத்திய கண்ணாடிகள் நான்கு வாங்குவதெனச் செயற்குழு முடிவு செய்துள்ளது. உறுப்பினர் சந்தாவிலிருந்து செலவாகும் பணமாதலின், எவற்றைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

இத்தகைய கண்ணாடிகள் பெரும்பாலும் இரு வகையின. ஒரு வகையில் விளக்குகள் பின்புறம் அமைந்து சுவரின்மேல் ஒளி வீசும். மற்றொன்றில், பூச்சு நீக்கிய விளிம்புப் பட்டைகளின் வழியே ஒளி நேரே முகத்தில் படும். முன்னது பார்வைக்கு அழகு. ஆயினும் முகத்துக்குப் போதிய ஒளி தாராது. நமக்கு வேண்டுவது பின்னதே. அதிலும் இரு பக்கங்களிலிருந்தும் ஒளி வருதல் நன்று. மேலிருந்து மட்டும் விழும் ஒளி கண்களின் அடியிலும் மோவாயின் கீழும் நிழல் படியச் செய்யும்.

அடுத்தது நிறம். ஒளியின் சாயலைக் கெல்வின் அளவால் குறிப்பர். 2700 மஞ்சள் சாயலுடையது, 6500 நீலம் கலந்த வெண்மை, 4000 இடைப்பட்டது, ஒப்பனைக்கு ஏற்றது. பொருள்களின் நிறத்தை உள்ளவாறு காட்டும் திறனுக்குச் சி.ஆர்.ஐ. என்னும் எண் உண்டு. அதன் உச்சம் 100. 90-க்குக் குறைந்ததை நாம் ஏற்கலாகாது.

அவ்வெண்ணும் தனியே போதாது. அது எட்டு மென்னிறங்களின் சராசரியே. அழுத்தமான சிவப்பு அதில் சேர்வதில்லை. சிவப்புக்கு ஆர் 9 என்னும் தனி எண்ணைக் கேட்டறிதல் வேண்டும். அது 50-க்குக் குறையாதிருத்தல் நலம். பரதம் ஆடும் சிறுமியின் நெற்றிப் பொட்டும் உதட்டுச் சாயமும் செம்பஞ்சுக் குழம்பும் சிவப்பல்லவா? சிவப்பை மங்கலாகக் காட்டும் கண்ணாடியின் முன் தாய்மார் மேலும் மேலும் பூசுவர். பல மாதம் பயின்று மேடையேறும் குழந்தையின் முகம் அங்கே மிகையாகத் தோன்றும்.

கை கழுவும் தொட்டி அருகிருப்பதால், ஐபி 44 என்னும் காப்புக் குறியும் வேண்டும். அதன் ஈற்றிலுள்ள 4, எத்திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தீங்கு நேராதபடி காப்பு உண்டெனக் காட்டுவது. கண்ணாடியின் சட்டம் உலோகமாயின் எர்த் இணைப்பை மின்பணியாளர் சோதித்துத் தருதல் இன்றியமையாதது. மின்னோட்டத்தைச் சீர்செய்யும் டிரைவர் பெட்டி பலகால் விளக்குகளுக்கு முன்னரே பழுதாகும். அதைத் தனியே கழற்றி மாற்ற இயலாதாயின் கண்ணாடி முழுவதையுமே மாற்ற நேரும்.

நான்கையும் ஒருசேர வாங்குதல் வேண்டா. முதலில் ஒன்றை வாங்கி மாட்டுவோம். குங்குமம் இட்ட முகத்தைப் பகலில் சன்னலருகே ஒருமுறையும், மாலையில் அக்கண்ணாடி முன் ஒருமுறையும் நாட்டிய ஆசிரியைமார் பார்க்கட்டும். இரண்டும் ஒத்திருந்தால் ஏனைய மூன்றையும் வாங்கலாம்.