க்யூ10 மாத்திரையும் நான் போட்டுக் கொடுத்த பதினொரு ஸ்லைடும்

ஆணி ஜாஸ்தி. ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியல. ஒரகடத்துல ஒரு ஃபேக்டரிக்கு லைன் சாஃப்ட்வேர் வேலைன்னு அனுப்பியிருக்காங்க, ஜாகை ஸ்ரீபெரும்புதூர்ல. இன்னிக்கு மொக்கை போடற மூடும் இல்ல மக்களே. கொஞ்சம் கோபம், கொஞ்சம் பாவமன்னிப்பு. பதிவு நீளம்தான், டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

ஆறு மாசம் முன்னாடி கூட இன்ஜினியரிங் படிச்சவன் ஒருத்தன் போன் பண்ணான். "மச்சி, ஹெல்த் செமினார் ஒண்ணு இருக்கு. தமிழ்ல ஸ்லைடு போட்டுக் கொடுடா. நீதான் பிளாக்கெல்லாம் எழுதுறியே." புகழ்ச்சிக்கு மயங்காத பதிவர் உண்டா? ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து பதினொரு ஸ்லைடு போட்டேன். செல் படம், மைட்டோகாண்ட்ரியா படம், அம்புக்குறி எல்லாம் ஜோரா. அதுல இருந்தது அத்தனையும் சரியான தகவல். பிரச்சினையே அதுதான்.

செமினார் நடந்தது சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல. வந்தவங்க எல்லாம் சுத்துப்பட்டு ஃபேக்டரிகள்ல ஷிப்ட் பார்க்கிறவங்க. வித்தது கோ-என்சைம் க்யூ10. 100 மில்லிகிராம், 30 மாத்திரை, 1,800 ரூபாய். "நைட் ஷிப்ட்டுல செல்லுக்குச் சார்ஜ் இறங்கிடும், இதைப் போட்டா ஏறிடும்." கூடவே எனக்குத் தெரியாம பன்னிரண்டாவதா ஒரு ஸ்லைடு சேர்த்திருக்காங்க: "கொலஸ்ட்ரால் மாத்திரை உங்கள் க்யூ10-ஐ அழிக்கிறது!"

என் கீழ் வீட்டு அண்ணன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவர். போன வருஷம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வச்சவர். அந்த பன்னிரண்டாவது ஸ்லைடைப் பார்த்துட்டு அட்டார்வாஸ்டாட்டினை நிறுத்திட்டார். மூணு வாரம். செக்கப்புக்குப் போன இடத்துல அண்ணி போட்டுக் கொடுத்ததாலதான் டாக்டருக்கே தெரிஞ்சது. அண்ணன் என்கிட்ட சொன்னது இது: "அந்தப் படமெல்லாம் நீங்க போட்டதாமே தம்பி. நம்ம தம்பி பொய் சொல்லாதுன்னுதான் வாங்கினேன்."

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

சரி, மேட்டருக்கு வருவோம். க்யூ10 டுபாக்கூர் இல்ல. 1957-ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஃப்ரெடரிக் கிரேன் குழு மாட்டு இதயத்துல இருந்து பிரிச்செடுத்தது. அடுத்த வருஷமே மெர்க் கம்பெனியில கார்ல் ஃபோக்கர்ஸ் குழு அதோட அமைப்பைக் கண்டுபிடிச்சது. நம்ம ஏரியா பாஷையில சொன்னா, மைட்டோகாண்ட்ரியாங்கிறது ஒரு அசெம்ப்ளி லைன். முதல் ரெண்டு ஸ்டேஷன்ல இருந்து எலக்ட்ரானைத் தூக்கிட்டுப் போய் மூணாவது ஸ்டேஷன்ல இறக்குற ஃபோர்க்லிஃப்ட்தான் க்யூ10. அந்தப் பயணத்துலதான் உடம்புக்கு வேண்டிய ஆற்றல் உருவாகுது. எலக்ட்ரானைச் சுமந்துக்கிட்டு இருக்கும்போது செல் சவ்வுல இருக்கிற கொழுப்பு ஆக்ஸிஜன் பட்டுக் கெட்டுப்போகாமலும் காப்பாத்தும். ஆண்டிஆக்ஸிடன்ட்னு சொல்றது இதைத்தான்.

இதுவரைக்கும் என் ஸ்லைடு. இதுல நான் போடாம விட்ட ஒரு வரி இருக்கு: இந்த ஃபோர்க்லிஃப்டை உடம்பே தயாரிச்சுக்குது. இது வைட்டமின் இல்ல. மீன், கறி, வேர்க்கடலையில இருந்தும் கொஞ்சம் கிடைக்கும். பிறவியிலேயே இதைத் தயாரிக்க முடியாத அபூர்வமான மரபணுக் கோளாறு உள்ளவங்களுக்கு இது நிஜமான மருந்து. ஆனா எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்த்துட்டு, பஸ்ஸுல தூங்கி, பகல்ல தகர ஷெட் வெக்கையில புரண்டு படுக்கிறவனோட களைப்பு க்யூ10 பற்றாக்குறை இல்லீங்க. அது தூக்கப் பற்றாக்குறை. ஆப்பரேட்டர் தூங்கி வழியற லைன்ல இன்னும் நாலு ஃபோர்க்லிஃப்ட் விட்டா புரொடக்‌ஷன் ஏறுமா?

"நோபல் பரிசு வாங்கின மாத்திரை"ன்னு மேடையில சொன்னாங்களாம். 1978-ல நோபல் வாங்கினது பீட்டர் மிட்செல்ங்கிற மனுஷன். செல் எப்படி ஆற்றலைத் தயாரிக்குதுன்னு விளக்கினதுக்கு. மாத்திரைக்கு யாரும் குடுக்கல.

இப்ப அந்த பன்னிரண்டாவது ஸ்லைடு. கொலஸ்ட்ராலும் க்யூ10-உம் உடம்புல ஒரே லைன்ல இருந்து பிரியுது. ஸ்டாட்டின் அந்த லைனோட ஆரம்பத்துலயே கேட்டைக் கொஞ்சம் சாத்துது. அதனால ரத்தத்துல க்யூ10 குறையறது உண்மை. ஆனா ரத்தத்துல க்யூ10-ஐச் சுமக்கிறதே கொலஸ்ட்ரால் துகள்கள்தான். வண்டியைக் குறைச்சா வண்டியில வர்ற சரக்கும் குறையத்தானே செய்யும்? ஸ்டாட்டினால வர்ற தசை வலிக்கு க்யூ10 உதவுமான்னு பார்த்த ஆய்வுகள்லயும் ஆமாம்னு சில, இல்லன்னு சில. ஆனா ஸ்டென்ட் வச்சவர் ஸ்டாட்டினை நிறுத்தினா மறுபடி மாரடைப்பு வர்ற ஆபத்து கூடும், அதுல ரெண்டு கருத்து இல்ல. 2023-ல தமிழ்நாடு அரசு தொடங்கின "இதயம் காப்போம்" திட்டத்துல, நெஞ்சு வலின்னு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடி வர்றவங்களுக்குக் கொடுக்கிற மூணு மருந்துல ஒண்ணு இதே அட்டார்வாஸ்டாட்டின். அதைத்தான் மண்டபத்துல விஷம்னு சொல்லியிருக்காங்க.

ஆய்வு இருக்கேன்னு நண்பர் பாய்வார். இருக்கு. 2014-ல வந்த க்யூ-சிம்பியோ. இதயச் செயலிழப்பு உள்ள 420 பேர், ரெண்டு வருஷம். பெரிய இதயச் சிக்கல்கள் க்யூ10 எடுத்தவங்கள்ல 15 சதவீதம், எடுக்காதவங்கள்ல 26 சதவீதம். நல்ல ரிசல்ட்தான், சின்ன ஆய்வுன்னாலும் மறுக்கல. ஆனா அவங்க எல்லாருமே வழக்கமான இதய மருந்துகளை விடாம, கூடுதலா இதை எடுத்தவங்க. அளவு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். அதாவது இந்த டப்பாவுல மூணு மாத்திரை, மாசம் 5,400 ரூபாய். காட்டுறது அந்த ஆய்வை, விக்கிறது மூணுல ஒரு பங்கை, சொல்றது மருந்தை நிறுத்துன்னு. நாம இப்படி டெஸ்ட் ரிப்போர்ட் குடுத்தா கிளையன்ட் விடுவானா?

அதே க்யூ10-ஐ பார்கின்சன் நோய்க்கு 600 பேர்கிட்ட, ஒரு நாளைக்கு 2,400 மில்லிகிராம் வரைக்கும் கொடுத்துப் பார்த்தாங்க. பலன் இல்லைன்னு 2011-ல பாதியிலேயே நிறுத்திட்டாங்க. இது எந்த மண்டபத்துலயும் ஸ்லைடா வராது. "ஆண்டிஆக்ஸிடன்ட் தானே, கெடுதல் என்ன?"ன்னு கேக்கறவங்களுக்கு: ஃபின்லாந்துல 29,133 புகைபிடிக்கிற ஆண்களை வச்சு நடந்த ஆய்வோட முடிவு 1994-ல வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அது வேற பொருள், ஒத்துக்கிறேன். ஆனா ஆண்டிஆக்ஸிடன்ட்ங்கிற பேரே பாதுகாப்புக்கு கேரண்டி இல்ல.

சட்டப்படி இது உணவு, மருந்து இல்ல. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு டப்பாவுலயே போடணும். போட்டிருக்காங்க, பூதக்கண்ணாடி வச்சுப் படிக்கிற சைஸ்ல. நாலு பேரைச் சேர்த்துவிட்டா காசுங்கிற பிரமிட் திட்டத்தை 2021-ல வந்த நேரடி விற்பனை விதிகள் தடை பண்ணுது. அதுக்கு மண்டபத்துல வச்ச பேரு "பிஸினஸ் பிளான்".

இந்த காரிடார்ல ஆரோக்கியம்னா என்னன்னு 2021 டிசம்பர் காட்டிக் கொடுத்தது. பாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் 159 பேர் விடுதிச் சாப்பாட்டால ஆஸ்பத்திரியில படுத்தாங்க. அவங்க கூட வேலை செஞ்ச பெண்கள் பெங்களூர் ஹைவேயில உக்காந்த பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிஞ்சது. கெட்டுப்போகாத சோறு, காத்து வர்ற ரூம், ஷிப்டுக்கு நடுவுல முழுசா ஒரு தூக்கம், நேரத்துக்கு பி.பி. செக்கப். இதெல்லாம் கேட்டு வாங்க வேண்டிய விஷயம். இதையெல்லாம் மறக்கடிச்சுட்டு, "குறை உன் செல்லுலதான் இருக்கு, 1,800 எடு"ங்கிறானே, என் கோபம் அங்கதான்.

அந்த மேடையில இருந்தவங்க படிக்காதவங்க இல்ல. மைக் பிடிச்சவன் இன்ஜினியர், படம் போட்டவன் இன்ஜினியர். ஒரு படிச்ச பையன் சொன்னான்னா கையைக் கட்டிக்கிட்டுக் கேக்கற மனுஷங்க முன்னாடி பாதி உண்மையை அழகா டிசைன் பண்ணி வைக்கிறது பொய்யை விட மோசம். பொய்யாவது மாட்டிக்கும்.

அதனால எழுதுற மக்களே, யாராவது "தமிழ்ல நல்லா வரும்"னு ஸ்லைடோ, கட்டுரையோ கேட்டு வந்தா, முதல்ல கேளுங்க: எதை விக்கப் போறே? யாருக்கு? எதை நிறுத்தச் சொல்லப் போறே? நான் கேக்கல.

நண்பனுக்கு போன் பண்ணி அந்த ஸ்லைடையெல்லாம் எடுக்கச் சொன்னேன். "பிஸினஸ்ல எமோஷன் ஆகாதே மச்சி"ன்னான். அதோட பேச்சுவார்த்தை இல்ல. அண்ணன் மறுபடி மாத்திரை போட ஆரம்பிச்சுட்டார். பாதி டப்பா மிச்சம் இருக்கு. அண்ணி அதைத் தூக்கிப் போட விடல, 1,800 ரூபாயாச்சே. டி.வி. பக்கத்துல அப்படியே நிக்குது. மாடி ஏறும்போதெல்லாம் ஜன்னல் வழியா என் கண்ணுல படுது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். க்யூ10 எடுக்கிறவங்க உங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டு எடுங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கிறவங்க கட்டாயம் சொல்லணும், அதோட வேலையை இது குறைச்சிடலாம். டாக்டர் கொடுத்த மருந்தை மண்டபத்துல கேட்டு நிறுத்தாதீங்க. திட்டணும்னா பின்னூட்டம் திறந்தே இருக்கு :-)