முன்னோரைத் தேடுவதும் முன்னோரைப் படைப்பதும்

முன்னோரைத் தேடுவது நன்றிக்கடன். முன்னோரைப் படைத்துக்கொள்வது பொய்ச்சான்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேலியை இன்று பலரும் எளிதாகத் தாண்டிவிடுகின்றனர். குடும்ப மலர் வெளியிடுவோர் தாண்டுகின்றனர். ஆலயச் சுவரில் கல் பதிப்போர் தாண்டுகின்றனர். மேடையில் அமர்ந்திருக்கும் நாமோ கைதட்டுகிறோம். அக்கைதட்டலுக்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். பிறர் வீட்டுப் பிழையைச் சொல்லுமுன் தன் வீட்டுப் பிழையைச் சொல்வதே முறை. ஆதலின் எம் குடும்பத்திலிருந்தே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பெரியப்பா மகனார், பணி ஓய்வு பெற்றவர், குடும்ப வரலாறு ஒன்றை எழுத முற்பட்டார். குருமடத்தில் இலத்தீன் பயின்றவர் என்பதால் எம்மையும் பூர்வீக ஊருக்கு அழைத்துச் சென்றார். கறையான் தின்றது போக எஞ்சிய திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினோம். 1890களின் பதிவு ஒன்றில் எமது முப்பாட்டனாரின் பெயர், ஒரு குழந்தையின் தந்தையாகக் காணப்பட்டது. அப்பெயரின் அருகே ஒரே ஒரு சொல்: 'பிக்தோர்'. ஓவியர்!

அவ்வூர் ஆலயப் பீடத்திற்கு மேலே விதானத்தில் நீலவானும் விண்மீன்களும் வானதூதரும் தீட்டப்பட்டிருந்ததைச் சிறுவயதில் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தவர் நாம். திருப்பலியில் மறையுரை நீண்டபோதெல்லாம் அந்த விண்மீன்களை எண்ணியவர் நாம். அதை எழுதியவரின் குருதியா எம் உடலில் ஓடுகிறது? ஒரு மாலைப்பொழுது முழுவதும் அப்படியே நம்பினோம். அது இனிமையான மாலை என்பதை மறைக்கமாட்டோம்.

மறுநாள் காலையில் ஏட்டை மீண்டும் திறந்தோம். இனிமை அங்கேயே கரையத் தொடங்கியது. பத்தாண்டுப் பதிவுகளுக்குள் அதே பெயருடைய தந்தையர் மூவர் இருந்தனர். நம்மிடையே குடும்பப் பெயர் வழக்கில்லை; தந்தை பெயரே அடையாளம். புனிதர்களின் பெயர்களோ ஒரு கைவிரலில் அடங்குவன. அந்தோணியும் சவரிமுத்தும் தெருவுக்கு நால்வர் இருந்த காலம் அது. மேலும், திருமணம் நடந்த செய்தியைத் திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்கவேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது 'நே தேமரே' என்னும் ஆணை. அது 1907இல் வெளியாகி 1908 உயிர்ப்புப் பெருவிழா முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய எம் பதிவில், தலைமுறையைத் தலைமுறையோடு கட்டும் அந்தக் கயிறு இல்லை. அக்குழந்தையின் பெயரும் எம் குடும்பத்தார் எவர் நினைவிலும் இல்லை.

'பிக்தோர்' என்ற சொல்லும் உறுதியான துணை அன்று. விதானத்தில் வானதூதரைத் தீட்டியவரும் பிக்தோர். சப்பரத்துக்கும் சுரூபத்துக்கும் வண்ணம் பூசியவரும் பிக்தோர். சுவருக்கு நிறம் அடித்தவரையும் ஐரோப்பியக் குரு ஒருவர் அச்சொல்லாலேயே குறித்திருக்கலாம். விதானத்தை எழுதியவர் இவரே என்று அந்த ஏட்டில் ஒரு வரியும் இல்லை. இவ்வளவையும் எம் தமையனாரிடம் எடுத்துச் சொன்னோம். அவரோ அதற்குள் கல்வெட்டுக்கு வாசகம் எழுதி முடித்திருந்தார்.

பதிவேடுகளை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று எவரும் எண்ணற்க. 1563இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் இப்பதிவுகளைக் கட்டளையிட்டது. 1614ஆம் ஆண்டின் உரோமைத் திருச்சடங்கு நூல் எழுதும் முறையை வகுத்தது. யார் யாருக்கு ஞானப்பெற்றோர், யார் யாரை மணக்கத் தடையுண்டு என்று அறிவதே அவற்றின் நோக்கம். குலப்பெருமை பேசுவதற்காக அவை எழுதப்படவில்லை. ஆயினும் அவை வரலாற்றுக்குச் செய்த உதவி பெரிது. இத்தாலிய ஓவிய மேதை கரவாஜ்ஜோ, கரவாஜ்ஜோ என்னும் ஊரிலேயே பிறந்தார் என்று பல நூல்கள் எழுதிவந்தன. ஊர்ப் பெயரே அவர் பெயராகவும் நிலைத்தது. 2007இல் மிலான் மறைமாவட்ட ஆவணக்காப்பகத்தில் ஒரு பதிவு கிடைத்தது. 1571 செப்டம்பர் 30 அன்று மிலான் நகரப் பங்கு ஒன்றில் மிக்கேலாஞ்சலோ என்னும் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது என்கிறது அது. ஏற்கெனவே பிற ஆவணங்களால் அறியப்பட்டிருந்த தந்தை பெயரும் தாய் பெயரும் அதில் பொருந்தி நின்றன. பொருந்தியதால் ஏற்றார்கள். நம்மவரோ ஒரு பெயர் கிடைத்த உடனே கல்தச்சரைத் தேடுகின்றனர்.

ஆசையே சாட்சியாகும்போது என்ன நேரும் என்பதற்கு மற்றொரு வரலாறு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்து ஓவியர் வெர்மீர் எழுதியவை மிகச் சில. அவற்றுள் விவிலியக் காட்சி மிக அரிது. அவருடைய சமயப் படங்கள் இன்னும் எங்கோ மறைந்திருக்கும் என அறிஞர் சிலர் ஏங்கினர். 1937இல் 'எம்மாவுசில் உணவு' என்னும் படம் வெளிப்பட்டது. ஆபிரகாம் பிரேடியஸ் என்னும் முதுபெரும் அறிஞர் அதை வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்றே போற்றினார். ரோட்டர்டாம் அருங்காட்சியகம் அதை வாங்கி மாட்டியது. உண்மையில் அதைத் தீட்டியவர் ஹான் வான் மேகரன் என்னும் சமகாலத்தவர். வெர்மீர் படமொன்று நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்குப் போகக் காரணமானார் என 1945இல் கைதானபோது, அது தம் கையால் ஆன போலி என அவரே ஒப்புக்கொண்டார். பிரேடியஸ் கல்லாதவர் அல்லர், பொய்யரும் அல்லர். கிடைக்கவேண்டும் என்று தவங்கிடந்தது கிடைத்துவிட்டது என நம்பினார், அவ்வளவே. அவருக்கே அக்கதியென்றால், முப்பாட்டனாரைத் தேடும் நமக்கு எத்துணை எச்சரிக்கை வேண்டும்!

"இதனால் யாருக்கு என்ன நட்டம்? ஒரு குடும்பம் மகிழ்ந்துவிட்டுப் போகட்டுமே!" என்பர் சிலர். எம் தமையனாரும் இதையே கேட்டார். நட்டம் யாருக்கு என்பதை அவ்வூரிலேயே கண்டோம்.

ஆலயத்தின் பின்புறத் தெருவில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு வேலை செய்த குடும்பம். நாம் ஏட்டைப் பார்க்க வந்த செய்தி கேட்டு, தடியூன்றி வந்து வாசற்படியில் அமர்ந்தார். "சாமி, அந்த வானத்த எழுதுனது எங்க தாத்தாதான். கூலிக்கு நெல்லு அளந்தாங்கன்னு எங்க ஆத்தா சொல்லும். யாருகிட்டச் சொன்னா யாரு கேப்பா?" என்றார். அவர் தாத்தாவின் பெயரைக் கேட்டோம். ஏட்டில் இருந்த மூவரின் அதே பெயர்.

வாய்மொழியும் முழுச்சான்று ஆகாது. இதை அவரிடமும் சொன்னோம். ஆனால் அன்பு வாசகரே, சற்றுச் சிந்தியுங்கள். எம் குடும்பத்தில் படித்தவர் உண்டு, பணம் உண்டு, குரு ஒருவரும் உண்டு; கல் நட எங்களால் முடியும். அம்மூதாட்டியிடம் ஒரு நினைவைத் தவிர வேறொன்றும் இல்லை. நாம் கல் நட்டுவிட்டால் அவர் நினைவு அன்றே பொய்யாகிவிடும். 'இருக்கலாம்' என்பதை 'இருந்தார்' என்று நாம் மாற்றும்போது, பெயரில்லாத ஏழை ஒருவரின் உழைப்பை, அவர் இறந்து நூறாண்டு கழிந்தபின் திருடுகிறோம். எட்டாம் கட்டளையோடு ஏழாம் கட்டளையும் இங்கே மீறப்படுகிறது.

கல்லை ஆசீர்வதிக்க எம்மை அழைத்தனர், மறுத்தோம். "குடும்பத்துக்கே பகைவன்" என்ற பெயர் கிடைத்தது. அப்பெயரைச் சுமக்கிறோம். மத்தேயு நற்செய்தியாளர் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையை எழுதும்போது அரசர்களோடு தாமாரையும் இராகாபையும் உரியாவின் மனைவியையும் சேர்த்தே எழுதினார். பெருமை தேடி எவரையும் சேர்க்கவில்லை. நாணி எவரையும் நீக்கவில்லை. நம் முப்பாட்டனார் சுவருக்கு நிறம் அடித்தவராகவே இருந்தால் என்ன? அக்கூலியால்தானே எம் பாட்டனார் உண்டு வளர்ந்தார்? ஓவியர் என்றால் கல், கூலியாள் என்றால் மௌனம் என்னும் மனநிலையே இந்நோயின் வேர்.

இதைவிடக் கொடிய உண்மை ஒன்றுண்டு. அந்த விதானமே இன்று இல்லை. புதுப்பித்தல் என்ற பெயரில் விண்மீன்கள் மீது எனாமல் பூசிவிட்டனர். ஓவியரின் பெயருக்காகச் சண்டையிடும் நாம், அவருடைய ஓவியம் அழிந்தபோது வாய் திறக்கவில்லை. நன்கொடைப் பட்டியலில் எம் குடும்பத்தின் பெயரும் இருந்தது.

ஆகவே முன்னோரை மதிப்போர் முதலில் செய்யவேண்டியவை இவை: பழைய ஏடுகளைக் கறையானிடமிருந்து காப்பாற்றி ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைக்கட்டும், முதியோர் சொல்வதை, எத்தெருவினர் ஆயினும், எழுதி வைக்கட்டும், எஞ்சியுள்ள பழைய ஓவியங்கள் மீது தூரிகை படுமுன் அறிந்தவரைக் கேட்கட்டும். அப்படியும் கல் நட்டே தீரவேண்டுமெனில் எம் தமையனாருக்கு நாம் தந்த வாசகம் இது: "இவ்விதானத்தில் வானத்தை எழுதியவர் இவ்வூரார், அவர் பெயரை இறைவன் அறிவார்." அவர் இன்னும் இசையவில்லை. மூதாட்டியிடம் அதைப் படித்துக் காட்டினோம். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அது போதும் சாமி" என்றார்.