ரிப்போர்ட்டின் மேல் வரி

நெஞ்சு சிடி ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்தால், டாக்டரைப் பார்ப்பதற்குள் வீட்டில் எல்லோரும் அதைப் படித்து, கூகுளிலும் தேடி முடித்துவிடுகிறோம். சமீபத்தில் தெரிந்த பையன் ஒருவன் அப்பாவின் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, கையோடு போன் செய்தான். “அண்ணே, 4 மில்லிமீட்டர் நாட்யூல்னு போட்டிருக்கு. கேன்சரா?” அதற்கு மேல் வரியிலேயே, இரண்டு நுரையீரலிலும் எம்ஃபைசீமா என்று இருந்தது. அதைப் பற்றி அவன் மூச்சே விடவில்லை.

நாட்யூல் என்பது 3 சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு புள்ளி. எப்போதோ வந்துபோன டிபியின் தழும்பாகக்கூட இருக்கலாம். நம் ஊரில் அது சகஜம். அமெரிக்காவில், புகைப்பழக்கம் உள்ளவர்களும் விட்டவர்களுமாக 53,000-க்கும் அதிகமானோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வெளியானது. சிடியில் சந்தேகப்படும்படி வந்த முடிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றுநோய் அல்ல. அதற்காகப் புள்ளியை அலட்சியம் செய்ய முடியாது. அதே ஆய்வில், சிடி எடுத்துக்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது. 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால், பீடி சிகரெட் பிடித்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம் கழித்து இன்னொரு ஸ்கேன் போதும். 8-ஐத் தாண்டினாலோ, ஓரம் முள்முள்ளாக இருந்தாலோதான் டாக்டர் அவசரப்படுவார்.

எம்ஃபைசீமா அப்படியில்லை. நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் உடைந்து, பல அறைகள் ஒன்றாகி, இழுத்து இழுத்துத் தளர்ந்த எலாஸ்டிக் போல ஆகிவிடுகின்றன. உள்ளே போன காற்று வெளியே வராமல் தேங்குகிறது. போன சுவர் திரும்பாது. நான் சொன்ன அந்த அப்பா, மாடிப்படியில் பாதியில் நின்று செல்போனை எடுத்துப் பார்ப்பார். போன் எதுவும் வந்திருக்காது. உதட்டைக் குவித்து மூச்சை மெதுவாக ஊதிவிட்டுத்தான் அடுத்த படி. வீட்டில் அதற்கு ‘வயசாயிடுச்சு’ என்று பெயர். எம்ஃபைசீமாவும் அடங்கிய சிஓபிடி நோய், 2021-ல் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேரைக் கொன்றது. அவர்கள் எல்லோரும் பீடி பிடித்தவர்கள் அல்ல. காலமெல்லாம் விறகடுப்பு ஊதிய பெண்களுக்கும் இது வருகிறது.

எது ஆபத்து என்று கேட்டால், அந்தப் புள்ளியைவிட மேல் வரிக்குத்தான் நான் பயப்படுவேன். எம்ஃபைசீமா உள்ள நுரையீரலில் புள்ளி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஊசி போட்டுச் சதை எடுத்தால் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கிவிடும் அபாயம் அதிகம். ஆபரேஷன் என்று வந்தால், அதைத் தாங்க மூச்சு மிச்சமிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

அதைக் கண்டுபிடிக்கும் ஸ்பைரோமெட்ரியில் ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. குழாயில் முழு மூச்சையும் ஊத வேண்டும், அவ்வளவுதான். பீடியை விட்டால் மூச்சு சரியும் வேகம் குறையும். இன்ஹேலரும் மூச்சுப் பயிற்சியும் மூச்சிரைப்பைத் தணிக்கும். பையனிடம் முதலில் ஊதும் டெஸ்ட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். “அது இருக்கட்டும்ணே, புள்ளிக்கு என்ன செய்யறது?” என்கிறான்.