கோழிக்குப் போட்ட பிரம்மாஸ்திரம்

மேல் வீட்டு மாமா தெற்கு மாட வீதியில் தக்காளி பொறுக்கிக்கொண்டே, "கோழி தின்றவனுக்குத்தான் அந்தக் கிருமியெல்லாம். நமக்கென்னடா, சுத்த சைவம்!" என்றார்.

"மாமா, கொலிஸ்டின் கேள்விப்பட்டிருக்கேளா?"

"புது சோப்பா?"

சோப்பு இல்லை. மற்ற ஆன்டிபயாடிக் எல்லாம் கைவிரித்த பிறகு, ஐ.சி.யூ.வில் டாக்டர்கள் எடுக்கும் பிரம்மாஸ்திரம். அதைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். வியாதிக்காக மட்டும் இல்லை, சீக்கிரம் சதை போடட்டும் என்று! தினம் துளித்துளியாகக் கொடுத்தால் சாகிற கிருமி செத்துவிடும். தாங்குகிற கிருமி குடும்பம் நடத்தும். 2015-ல் சீனாவில் கண்டுபிடித்த எம்.சி.ஆர்-1 ஜீன் இன்னும் மோசம். பி.காம். பாஷையில் சொன்னால், எண்டார்ஸ் செய்த செக். ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும்.

சென்னை டாக்டர் அப்துல் கஃபூர் குழுவினர் கோழி, மீனோடு காய், பழத்தையும் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். கொலிஸ்டினுக்கு மசியாத கிருமிகள் சைவம், அசைவம் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் மத்திய அரசு கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் அந்த மருந்தைத் தடை செய்தது.

நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். பச்சைக் கறி வெட்டின பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்கினால் போச்சு.

போன வருஷம் தி.நகர் நண்பனின் அப்பா ஐ.சி.யூ.வில் 11 நாள் கிடந்தார். "இனி கொலிஸ்டின் ஒண்ணுதான் பாக்கி" என்றார் டாக்டர். மருந்து கேட்டது. இன்று பனகல் பார்க்கில் வாக்கிங் போகிறார். கேட்காமல் போயிருந்தால்?

எல்லாம் சொன்னேன். மாமா தக்காளியைக் கீழே வைத்தார். சற்று யோசித்துத் திரும்ப எடுத்து, "மூணு தண்ணி அலம்பினாப் போதுமாடா?" என்றார்.