உலகைச் சுற்றி வருவோம்: லண்டனில் நமக்கு என்ன இருக்கிறது?



கெடா மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் மகள் லண்டனில் தாதியாக வேலை செய்கிறார். "ஒரு முறை வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போங்கள் அம்மா" என்று விமான டிக்கெட்டும் அனுப்பிவிட்டார். தாய்க்கோ தயக்கம். "முப்பது வருஷம் பால்மரம் சீவியவள் நான். படித்தவர்கள் போகிற ஊரில் எனக்குப் பார்க்க என்ன ஐயா இருக்கிறது?" என்று கேட்கிறார்.

நிறைய இருக்கிறது அம்மா. உங்களுக்கே சொந்தம் என்று சொல்லத்தக்க ஓர் இடமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் நாள் தேம்ஸ் ஆற்றங்கரைக்குப் போங்கள். நாடாளுமன்றத்தை ஒட்டி 96 மீட்டர் உயர மணிக்கூண்டு நிற்கும். பிக் பென் என்பது கோபுரத்தின் பெயர் அல்ல, உள்ளே தொங்கும் மணியின் பெயர். 13 டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த மணி 1859-இல் ஒலிக்கத் தொடங்கியது. கோபுரத்துக்கு 2012-இல் எலிசபெத் அரசியாரின் பெயரைச் சூட்டினார்கள்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம். 1066 முதல் ஆங்கில மன்னர்கள் முடிசூடும் இடம். 2023-இல் சார்ல்ஸ் மன்னர் முடிசூடியதும் இங்கேதான். உள்ளே போனால் தரையில் ஒரு கல்லறையைத் தேடிப் பாருங்கள். முதல் உலகப் போரில் இறந்த, பெயர் தெரியாத ஒரு படைவீரனை 1920-இல் அங்கே அடக்கம் செய்தார்கள். அந்தத் தேவாலயத் தரையில் யாரும் மிதிக்கக் கூடாத கல்லறை அது ஒன்றுதான். முடிசூட வரும் மன்னரும் அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்!

இரண்டாம் நாள் பழைய நகரப் பகுதி. 1666-இல் ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ நான்கு நாட்கள் எரிந்து, ஏறக்குறைய 13,000 வீடுகளைச் சாம்பலாக்கியது. அதன் நினைவாக 202 அடி உயரத் தூண் ஒன்று நிற்கிறது. 311 படிகள். முழங்கால் வலி இருந்தால் கீழே நின்றே பாருங்கள். அந்தத் தீயில் அழிந்த செயின்ட் பால் தேவாலயத்தைக் கிறிஸ்டபர் ரென் என்ற கட்டடக் கலைஞர் 1675-இல் தொடங்கி 35 ஆண்டுகளில் புதிதாகக் கட்டி எழுப்பினார். அவரும் அங்கேயே உறங்குகிறார்.

மூன்றாம் நாள் லண்டன் கோபுரம். கோபுரம் என்று பெயரே தவிர, அது ஒரு கோட்டை. அரண்மனையாகவும் சிறையாகவும் இருந்தது. அரச கிரீடங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றில் கோகினூர் வைரம் மின்னும். 1849-இல், பஞ்சாபின் மன்னராக இருந்த 10 வயதுச் சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட வைரம் அது. அதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே மின்சிங் லேன் என்ற சிறிய தெரு. சுற்றுலாக்காரர்கள் அதை எட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள். தேயிலைக்கும் ரப்பருக்கும் ஒரு காலத்தில் பெரிய வியாபாரம் நடந்த தெரு அது. விடியற்காலைப் பிரட்டில் நின்று நம் முன்னோர் எடுத்த பாலுக்கு இங்கேயும் விலை பேசினார்கள்.

இனி நான் சொன்ன அந்த இடம். நகரின் மேற்கே கியூ தாவரத் தோட்டம். 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் கொண்டுவந்தார். அவற்றை இங்கேதான் விதைத்தார்கள். முளைத்தவை நூற்றுக்கு நான்குகூட இல்லை! பெரும்பாலான கன்றுகள் இலங்கைக்குப் போயின. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் வேர்விட்டன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 1888-இல் தலைமை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அவர் 1956-இல் தம் நூறாவது வயதில் காலமானதும் கியூவில்தான்.

அங்கே 1848-இல் கட்டி முடித்த பெரிய கண்ணாடி மாளிகை ஒன்று உண்டு. வெளியே குளிர், உள்ளே நம்மூர்ப் புழுக்கம். வெப்ப நாட்டு மரங்களுக்கு நடுவே ரப்பர் மரமும் வளர்கிறது. மற்றவர்கள் பெயர்ப்பலகையைப் படித்துத்தான் அதைத் தெரிந்துகொள்வார்கள். உங்களுக்குப் பலகை வேண்டாம், பட்டையைப் பார்த்தாலே போதும்.

இரண்டு யோசனைகள். மேலே சொன்ன தேவாலயங்களையும் கோட்டையையும் கியூ தோட்டத்தையும் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. மகளை முன்கூட்டியே சீட்டு வாங்கச் சொல்லுங்கள். மழை நாளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போகலாம். பொதுக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆந்திரத்து அமராவதிச் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன.

அம்மா, தயங்காமல் போய் வாருங்கள். அந்த ரப்பர் மரத்தின் அருகில் நின்று மகளிடம் சொல்லுங்கள்: "நீ படித்தது இந்த மரத்துப் பாலில்தான்." அதைக் காட்ட உங்களைவிடத் தகுந்த வழிகாட்டி லண்டனில் யார் இருக்கிறார்கள்?

அடுத்த இதழில் வேறோர் ஊரில் சந்திப்போம்.