கழுகு நின்றால் ஜூபிடரா, யோவானா?

பிரான்ஸ் மன்னர் ஐந்தாம் சார்லஸ் 1367-இல் சார்த்ர் பேராலயத்துக்கு ஒரு கல்லைக் காணிக்கையாகக் கொடுத்தார். வெவ்வேறு நிற அடுக்குகள் கொண்ட சார்டோனிக்ஸ் கல்லில் புடைப்பாகச் செதுக்கிய உருவம், அதாவது கேமியோ: தாடி வைத்த ஆண், கையில் இடி, காலடியில் கழுகு. ரோமானியர் எவரும் பார்த்த கணத்தில் ஜூபிடர் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் கிறித்தவ மரபில் கழுகு நற்செய்தியாளர் யோவானின் சின்னம். அதனால் ரோமானியக் கடவுள் புனித யோவான் ஆனார். கல்லைச் சுற்றிய பொன் சட்டத்தில் யோவான் நற்செய்தியின் வாசகங்களையும் பொறித்துவிட்டார்கள். இன்று அது பாரிஸில், பிரான்ஸ் தேசிய நூலகத்தின் நாணயப் பதக்கப் பிரிவில் இருக்கிறது.

அதே பிரிவில் இன்னொரு கல். நடுவில் ஒரு மரம், ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண். ஏதென்ஸ் நகரம் யாருக்கு என்று அதீனாவும் பொசைடனும் போட்டியிட்ட கதை அது. மரம், அதீனா தந்த ஆலிவ். பிற்காலத்தவர் கண்ணுக்கு அது ஆதாமும் ஏவாளுமாகத் தெரிந்தது. கல்லின் ஓரத்தில் ஆதியாகம வாசகத்தை எபிரேய எழுத்தில் வெட்டி வைத்தார்கள்.

மூன்றாவது, இவை எல்லாவற்றையும் விடப் பெரியது. ‘பிரான்ஸின் பெரிய கேமியோ’ என்று பெயர். 31 சென்டிமீட்டர் உயரம், ஐந்து அடுக்குக் கல், 24 உருவங்கள். எகிப்து அரசவையில் விவிலிய யோசேப்பு பெற்ற வெற்றி என்றே நூற்றாண்டுக்கணக்கில் நம்பினார்கள். 1620-இல் பெய்ரெஸ்க் என்ற அறிஞர்தான், நடுவில் அமர்ந்திருப்பது ரோமப் பேரரசர் திபேரியஸ், மேலே வானுலகில் இருப்பது அகஸ்டஸ் என்று கண்டு சொன்னார்.

இப்படிப் பிழையாகப் படித்தவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஓர் அடையாளத்தைக் கண்டதும் தமக்குத் தெரிந்த கதை நினைவுக்கு வந்தது, அதோடு பார்வை நின்றுவிட்டது. பழைய கேமியோ நகைகளைச் சேர்ப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் இன்றும் நேர்வது இதுதான். கோயில் தூணில் மயிலைக் கண்டதும் முருகன் என்று சொல்லிப் பழகிய கண், கேமியோவில் மயிலைக் கண்டால் கிரேக்கத் தேவி ஹீராவைத் தேட வேண்டும்.

இன்று ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கும் கேமியோக்களில் மிகுதியானவை 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நேப்பிள்ஸ் அருகே, வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கும் டோரே டெல் கிரேக்கோ என்ற ஊர் இந்த வேலைக்குப் பேர் போனது. பவள வேலைக்காரர்களின் ஊர் அது; கேமியோவுக்குப் பெரிய கடற்சங்குகளை எடுத்துக்கொண்டார்கள். வெளிப்பக்கத்து வெள்ளை அடுக்கில் உருவத்தைச் செதுக்கி, அடியிலுள்ள பழுப்பு அடுக்கைப் பின்னணியாக விட்டுவிடுவது முறை. இத்தாலியைச் சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேயர்கள் புரூச்சாகவும் வளையலாகவும் வாங்கிச் சென்றார்கள்.

இந்த நகைகளில் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. நேரான மூக்கு, சிறிய வாய், சுருள் முடி: எல்லாத் தேவியருக்கும் அதே முகம். பார்க்க வேண்டியது தலையில் என்ன இருக்கிறது, தோளில் என்ன கிடக்கிறது, பக்கத்தில் எந்த உயிர் நிற்கிறது என்பதைத்தான்.

கூந்தலில் திராட்சைக் கொத்தும் இலையும் இருந்தால் மதுக் கடவுள் பாக்கஸின் தோழியரான பாக்கந்தியரில் ஒருத்தி. தோளில் சிறுத்தைத் தோல் கட்டியிருந்தால் சந்தேகமே இல்லை. சங்குக் கேமியோக்களில் பெயர் சொல்லக்கூடியவர்களுள் அடிக்கடி காணக் கிடைப்பவள் இவள்தான். கோதுமைக் கதிர் இருந்தால் டிமீட்டர். ரோமானியர் வழக்கில் சீரிஸ். வெறும் பூக்கள் என்றால் ஃப்ளோரா. கதிரும் பூவும் ஒன்றாகக் கலந்திருக்கும் நகைகளும் உண்டு. அங்கே அவசரப்பட்டுப் பெயர் வைக்காமல் இருப்பதே நல்லது. நெற்றிக்கு மேல் பிறை இருந்தால் டயானா, முதுகில் அம்பறாத்தூணி தெரிந்தால் உறுதி. தலைக்கவசம் அணிந்த பெண் அதீனாவாகவும் இருக்கலாம், ரோம் நகரத்தையே பெண்ணாக உருவகித்த ரோமாவாகவும் இருக்கலாம். ஆந்தையோ, மார்புக் கவசத்தில் பாம்புக் கூந்தல் கொண்ட மெடூசாவின் முகமோ இருந்தால் அதீனா.

சிறகு மிகவும் ஏமாற்றும். தொப்பியில் சிறகு இருந்தால் ஹெர்மிஸ். நெற்றியோரத்துக் கூந்தலிலிருந்தே சிறகு முளைத்து, தாடைக்குக் கீழே இரண்டு பாம்புகள் முடிச்சிட்டிருந்தால் மெடூசா. அவளைக் கோரமாகத்தான் காட்டுவார்கள் என்று நினைப்பவர்கள் இந்தக் கேமியோவை எளிதில் தவறவிடுகிறார்கள். மியூனிக் நகரிலுள்ள ரொண்டானினி மெடூசா சிற்பத்தைப் போல, அமைதியும் அழகுமான முகத்தோடுதான் நகைகளில் அவள் பெரும்பாலும் வருகிறாள். தோளில் பட்டாம்பூச்சிச் சிறகு என்றால் காமதேவன் க்யூபிட் காதலித்த சைக்கி.

கழுகுக்குக் கிண்ணத்தில் உணவூட்டும் இளம் உருவம் இன்னும் நுட்பமானது. கழுகு, கிரேக்கர் ஜீயஸ் என்று அழைத்த ஜூபிடருடையது. ஊட்டுபவர் பெண் என்றால் தேவர்களுக்குப் பானம் ஊற்றும் ஹீபி. ஆண் என்றால் அவளுக்குப் பின் அந்த வேலைக்கு வந்த டிராய் இளவரசன் கானிமீட். கைத்திறன் குறைந்த சங்குச் செதுக்கலில் ஆணா பெண்ணா என்றே தெரியாது. அப்போது தலையைப் பார்க்க வேண்டும்: முன்பக்கம் வளைந்து கவிழும் கூம்புத் தொப்பி இருந்தால் கானிமீட். சிங்கத் தோலைத் தலையில் போர்த்திய முகமும் இப்படித்தான். தாடி இருந்தால் ஹெராக்ளீஸ். மழமழப்பான கன்னம் என்றால் லிடிய நாட்டு அரசி ஓம்ஃபலேயாக இருக்கலாம். ஹெராக்ளீஸை அடிமையாக வைத்திருந்து அவனது தோலாடையைத் தானே அணிந்துகொண்டவள். ஆனால் தாடி முளைக்காத இளம் ஹெராக்ளீஸையும் செதுக்கியிருக்கிறார்கள். கழுத்தின் கனத்தையும் கூந்தல் கட்டிய விதத்தையும் பார்த்த பிறகே பெயர் சொல்லலாம்.

எல்லா உருவமும் கிரேக்கப் பழங்காலத்திலிருந்து நேராக வந்ததல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டென்மார்க் சிற்பி தோர்வால்சன் 1815-இல் ரோமில் ‘இரவு’, ‘பகல்’ என்று இரண்டு வட்டப் புடைப்புச் சிற்பங்களைச் செய்தார். உறங்கும் இரு குழந்தைகளை அணைத்தபடி பறக்கும் இரவு, அவளோடு ஓர் ஆந்தை. பூத்தூவிச் செல்லும் பகல், அவள் தோளில் தீப்பந்தம் ஏந்திய சிறுவன். கேமியோச் செதுக்குநர்கள் இந்த இரண்டையும் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தார்கள். இரவைக் கண்டு, ஆந்தை இருக்கிறதே என்று அதீனா பெயரைச் சொல்வது சார்த்ரில் நடந்த அதே பிழை.

இந்தத் துறையில் மிகவும் படிக்க வேண்டிய வழக்கு ஒரு ஃப்ளோராவைப் பற்றியது. இங்கிலாந்தின் பெரும் சேகரிப்பாளர் ரிச்சர்ட் பெய்ன் நைட், பொனெல்லி என்ற வணிகரிடமிருந்து பூச்சூடிய பெண் தலை ஒன்றைப் பழங்காலக் கேமியோ என்று நம்பி வாங்கினார். சில ஆண்டுகளில் பெனெதெத்தோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியக் கலைஞர் லண்டன் வந்தார். ஜோசப் பேங்க்ஸ் என்ற தாவர அறிஞர் வீட்டில் அந்தக் கேமியோவைக் கண்டதும், ரோமில் பொனெல்லிக்காகத் தானே செதுக்கியது என்றார். நைட் ஏற்கவில்லை. அவள் சூடியிருப்பது மாதுளம்பூ என்று அவர் வாதிட, செதுக்கியவரோ அது ரோஜா என்றார். தேவியின் பெயரும் கல்லின் வயதும் ஒரு பூவில் வந்து நின்றன. 1824-இல் நைட் இறந்தபோது சேகரிப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்திருந்தார். ஃப்ளோராவும் அங்கே போய்ச் சேர்ந்தாள். பிஸ்ட்ரூச்சியின் கைவேலை தமிழ் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. 1817-இல் வெளியான ஆங்கிலப் பொற்காசில், நாம் சவரன் என்று சொல்லும் அந்தக் காசில், குதிரை மீதேறி டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜை வடித்தவர் அவர்தான்.

எந்த அடையாளமும் இல்லாத பெண் முகங்கள்தான் சங்குக் கேமியோக்களில் ஏராளம். காதில் ஒரு தொங்கல், கூந்தலில் ஒரு நாடா, கழுத்தில் ஒரு சங்கிலி, அவ்வளவே. பெயர் இருந்தால் விலை ஏறும் என்பதால் விற்பவர்கள் அவளை வீனஸ் என்றோ ஹீபி என்றோ சீட்டு எழுதி ஒட்டுகிறார்கள். விக்டோரியா காலத்து நாகரிகத்தை ஒட்டி, யாரையும் குறிக்காமல் செதுக்கிய அழகிகள் இவர்கள். ‘பெண் முகம், சங்கு, 19-ஆம் நூற்றாண்டு’ என்று நேர்மையாக எழுதி வைக்கும் கடைக்காரரிடம், ‘டயானா’ என்று அவர் எழுதிய சீட்டையும் நம்பி வாங்கலாம்.