ஒருமுறை மாற்றினால் போதுமாம்

எத்தனால் கலக்காத பெட்ரோலையும் பங்க்கில் கிடைக்கச் செய்யுங்கள், எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்பதைப் பம்ப்பிலேயே எழுதி ஒட்டுங்கள், எந்த வண்டிக்கு எது ஒத்துவரும் என்று மக்களுக்குச் சொல்லுங்கள். இவ்வளவுதான் கேட்டது அந்தப் பொதுநல மனு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி கே. வினோத் சந்திரன் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் கொள்கையால் கரும்பு விவசாயிக்குக் கிடைக்கும் பயனை அரசுத் தரப்பு எடுத்துச் சொன்னது. மனுவுக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது என்றும் சொன்னது. தீர்ப்பு வந்து மாதங்கள் ஓடிவிட்டன. இதழ் எந்தப் பக்கம் என்று வாசகர்கள் கேட்பது மட்டும் நிற்கவில்லை. பழைய கார் வேலையை நம்பிப் பிழைப்பவர்களுக்கான இதழ் இதில் வாய்மூடி இருக்க முடியாது என்பதும் சரிதான்.

மைலேஜ் புலம்பலில் நாம் சேரப்போவதில்லை. எத்தனாலுக்கென்று வடிவமைக்கப்படாத நாலு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை எரிபொருள் திறன் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே ஒப்புக்கொண்டது. அந்த நட்டம் ஓனரின் பர்ஸோடு போகும். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வெளியே வரும் பத்மினிக்கு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தால் குடி முழுகிவிடாது. எத்தனாலே கூடாது என்பதும் நம் வாதம் அல்ல. நாம் கேட்பது வேறு: இந்தக் கொள்கையால் பானெட்டுக்கு அடியில் பெட்ரோல் பைப் இனி எத்தனை முறை அதிகமாகத் திறக்கப்படும்? வண்டிக்கு என்ன சேதம் வரும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. பைப்பைத் திறக்கும் கைக்கு என்ன வரும் என்று கணக்குப் போட்டவர் யார்?

பழைய எஞ்சினில் வேலை செய்பவனுக்கு வரும் தீ அபாயத்தை அளக்க, எரிபொருள் லைன் எத்தனை முறை, எஞ்சின் எவ்வளவு சூட்டில் இருக்கும்போது திறக்கப்படுகிறது என்று பார்த்தால் போதும். எத்தனால் தரும் தொல்லை ஒவ்வொன்றும் இந்த எண்ணிக்கையைக் கூட்டுகிறது. நாற்பது வருடம் டேங்கில் படிந்த வார்னிஷையும் துருவையும் அது கரைத்துக் கிளப்புகிறது, ஃபில்டர் அடைக்கிறது, வண்டி நடுரோட்டில் நிற்கிறது, கொதிக்கும் எஞ்சினுக்கு மேல் குனிந்து யூனியனைக் கழற்ற வேண்டியிருக்கிறது. கலவை ஆவியாவது சுலபமாகிவிட்டதால் வெயில் காலத்தில் வேப்பர் லாக் கூடுகிறது. ஏசி பம்ப்பின் தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, கார்புரேட்டர் பக்கத்துப் பைப்பைக் கழற்றி, பையனை செல்ஃப் அடிக்கச் சொல்லி, பெட்ரோல் வருகிறதா என்று பார்க்கும் அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போதும் என்று ஜெட் போட்ட எஞ்சினில், ஏறக்குறைய 13.5க்கே எரிந்து முடியும் கலவையை ஊற்றினால் எஞ்சின் லீனாக ஓடும். லீனாக ஓடும் எஞ்சின் கார்புரேட்டர் வழியாகத் துப்பும். எப்போது துப்பும்? ஏர் கிளீனரைக் கழற்றிவைத்துவிட்டு, எஸ்யூவின் நட்டைத் திருகிக்கொண்டோ சோலக்ஸின் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டோ, முகத்தை அதற்கு நேர் மேலே வைத்திருக்கும்போதுதான்.

ரப்பர் விஷயம் இதைவிட மோசம்: அது எத்தனாலில் ஊறிக் கெட்டால் பெட்ரோல் எங்கே சொட்டும் என்று பாருங்கள். அம்பாசடரின் பி சீரிஸ் எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் உட்கார்ந்திருப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே. ஹெரால்டிலும் அப்படித்தான். நீடில் வால்வு ஒட்டாமல் ஃப்ளோட் சேம்பர் நிரம்பி வழிந்தாலும், ஊறி உப்பிய ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் வெடித்தாலும், சொட்டு விழுவது அந்த இரும்பின் மேல்தான். இரும்பு தானாகப் பற்றவைக்காமல் போகலாம். ஆனால் விழுந்ததை ஆவியாக்கிவிடும். பற்றவைக்க டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டும் டைனமோ பிரஷ்ஷும் ஒரு சாண் தூரத்தில் காத்திருக்கின்றன. காற்றைவிடக் கனமான ஆவி மீதியெல்லாம் கீழே இறங்கிக் குழியில் தேங்கும். அங்கே 230 வோல்ட் ஹேண்ட் லேம்ப்போடு இன்னொருவன் சைலன்சர் கிளாம்ப்பை அவிழ்த்துக்கொண்டிருப்பான். பம்ப் டயாபிரம் கிழிந்தால் சில பம்ப்களில் பெட்ரோல் வெளியே சொட்டும். சிலவற்றில் நேரே சம்ப்புக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருப்பதைப் பார்த்து, “நல்லதுதான், ஆயில் குறையவில்லை” என்று எஞ்சினை ஓடவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மட்டம் ஏறிய ஆயிலை மோந்து பார்க்காமல் செல்ஃப் அடிப்பது கிராங்க் கேஸுக்குள் தீக்குச்சி உரசுவதற்குச் சமம்.

இத்தனைக்கும் அரசு ரப்பர் விஷயத்தை மறைக்கவில்லை. 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்தில் அது ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது: சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் வழக்கத்தைவிட முன்னதாக மாற்ற வேண்டி வரலாம், செலவு அதிகமில்லை, வண்டியின் ஆயுளில் ஒருமுறை செய்தால் போதும், அங்கீகரிக்கப்பட்ட எந்த சர்வீஸ் நிலையத்திலும் எளிதாக முடித்துக்கொள்ளலாம். படிக்கும்போது வயிறு குளிர்கிறது. ஹெரால்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையம் எங்கே இருக்கிறது? சென்னையில் அதைச் செய்த ஸ்டாண்டர்டு நிறுவனம் 1980களின் கடைசியிலேயே ஓய்ந்துவிட்டது. பத்மினி 2000ஐ ஒட்டி நின்றது. அம்பாசடருக்கு 2014 மே மாதம் உத்தர்பாராவில் கதவு சாத்தியாகிவிட்டது. இந்த வண்டிகளுக்கு சர்வீஸ் நிலையம் என்றால் நம் பட்டறைகள்தான். நம்மை யாரும் அங்கீகரித்ததில்லை, அறிவுறுத்தலும் அனுப்பியதில்லை. ‘ஆயுளில் ஒருமுறை’ என்பதாவது தேறுமா? கடையில் கிடைக்கும் டயாபிரம் கிட்டில் எந்த ரப்பர் என்று அச்சிட்டிருக்காது. கெட்டுப்போனதை எடுத்துவிட்டு, கெடப்போவதைப் போட்டு மூடுகிறோம். அறுபது வயதான வண்டியின் ஆயுள் இன்னும் எத்தனை வருடம் என்று அமைச்சகம் கணித்துச் சொன்னால் அந்த ‘ஒருமுறை’யை எப்போது செய்வது என்று நாமும் முடிவு செய்துகொள்ளலாம்.

இடையில் ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசே தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. நம்பரில் ‘விஏ’ எழுத்து, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுச் செல்லுபடி. அந்த வண்டி எதற்கெல்லாம் ரோட்டுக்கு வரலாம் என்ற பட்டியலில் கண்காட்சி, ராலி இவற்றோடு எரிபொருள் நிரப்புவதும் இருக்கிறது. நிரப்பப் போகலாம் என்று ஒரு அமைச்சகம் அனுமதிக்கிறது. போனால் என்ன கிடைக்கும் என்பது இன்னொரு அமைச்சகத்தின் கவலை.

பிரேசிலைப் பாருங்கள் என்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. அங்கே 1975இலிருந்து எத்தனால் திட்டம் நடக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் 30 சதவீதத்துக்கே போய்விட்டார்கள். ஆனால் அந்த ஊர்த் தொழிற்சாலைகள் பெட்ரோலோடு சேர்த்து கார்புரேட்டரையும் பைப்பையும் மாற்றிக்கொண்டே வந்தன. அரை நூற்றாண்டு அதற்கு அவகாசம் இருந்தது. நமக்கு 20 சதவீதக் கலவை 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் அறிமுகமானது, 2025க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. ஒப்பிட வேண்டுமானால் பிரிட்டனோடு ஒப்பிடுங்கள். 2021 செப்டம்பரில் அங்கே 10 சதவீதக் கலவை பொதுப் பெட்ரோலானபோது, பழைய வண்டிகளுக்காக 5 சதவீதக் கலவையை உயர்தர பெட்ரோலில் விட்டுவைத்தார்கள். எது எது என்று பம்ப்பில் எழுதி ஒட்டினார்கள். பழைய வண்டிகளுக்கு 10 சதவீதக் கலவையைக் காப்பு எரிபொருளாக வைத்திருக்கலாம் என்ற யோசனை நம் நிதி ஆயோக் அறிக்கையிலும் இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் ஃபைலில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. 100 ஆக்டேன் பெட்ரோலில் எத்தனால் இல்லை என்று நம்பி அதை ஊற்றும் ஓனர்கள் இருக்கிறார்கள். நம்பிக்கையில் ஊற்றத் தேவையில்லாமல் பம்ப்பிலேயே படித்துத் தெரிந்துகொண்டு ஊற்ற வேண்டும் என்பதுதானே மனுவின் பாதி?

பழைய ரப்பர் எத்தனால் வருமுன்பும் கிழிந்தது, பழைய கார் முன்பும் எரிந்தது என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். பானெட்டுக்கு அடியில் தீப்பிடித்தால் முதலில் எரிந்து போவது ஹோஸ்; எதனால் பிடித்தது என்று சொல்லக்கூடிய சாட்சி அதுதான். ஆகவே ஒரு குறிப்பிட்ட தீயை எத்தனாலின் தலையில் கட்ட நாமும் முனையவில்லை. திறக்கும் தடவைகள் கூடுகின்றன, கசியும் இடங்கள் கூடுகின்றன என்று மட்டும் சொல்கிறோம். இதற்கு விசாரணைக் கமிஷன் தேவையில்லை; ஒரு சோலக்ஸைத் திறந்து, சேம்பர் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் பொடியைப் பார்த்தால் போதும்.

மூன்றாவதாக ஒரு வாதம் உண்டு, அதுதான் உறுத்துகிறது. பழைய கார் பணக்காரன் பொழுதுபோக்கு, அதற்காக நாட்டின் கொள்கை வளைய வேண்டுமா என்கிறார்கள். ஓனர் பணக்காரராகவே இருக்கட்டும். பானெட்டுக்குள் இருக்கும் கை அவருடையதா? நீதிமன்றத்தில் வண்டி வாங்கியவர் பேசப்பட்டார், கரும்பு விளைவிப்பவர் பேசப்பட்டார், இறக்குமதி பேசப்பட்டது. டேங்கைக் காலி செய்ய டியூபை வாயில் வைத்து உறிஞ்சுகிறவன் இரு தரப்பு வாதத்திலும் இல்லை. இருப்பான் என்று எதிர்பார்க்கவும் முடியாது. எந்தச் சட்டத்திலும் அவன் இருந்ததில்லை. தொழிற்சாலைச் சட்டம் 1948இல், மின்சாரம் இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்யும் இடம்தான் தொழிற்சாலை. ஒரு மேஸ்திரி, இரண்டு மெக்கானிக், ஒரு பெயின்டர், ஒரு பையன் என்று நடக்கும் பட்டறையின் வாசலைப் பாதுகாப்பு ஆய்வாளர் மிதித்ததில்லை. இந்த வரம்பைக் கீழே இறக்குங்கள் என்று இந்தப் பக்கத்தில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை இறக்கவில்லை, இரட்டிப்பாக்கிவிட்டது: இருபதும் நாற்பதும். இஎஸ்ஐகூடப் பத்துப் பேரிலிருந்துதான். கை வெந்தால் ஆஸ்பத்திரிச் செலவு பையனின் அம்மா கழுத்தில் இருப்பதை அடகு வைத்துத்தான் வர வேண்டும். ஆனால் சட்டத்தின் கண்ணில் நாம் படவே மாட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது. அம்பாசடர் டேங்க் நிறைய இருக்கும் 54 லிட்டரை வடித்து கேனில் வைத்தால் பட்டுவிடுவோம். 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டப்படி உரிமம் இல்லாமல் 30 லிட்டர்தான். தண்டிக்க நம்மைத் தெரிகிறது. காப்பாற்றும்போது ஆள் கணக்கு குறைகிறது.

ஆகவே இதழின் நிலை இது. பழைய வண்டிகளுக்குக் குறைந்த கலவையில் ஒரு காப்பு எரிபொருள் வேண்டும், பம்ப்பில் சதவீதம் எழுத வேண்டும், டயாபிரம் கிட்டிலும் ஹோஸிலும் எந்தக் கலவை வரை தாங்கும் என்று அச்சிடக் கட்டாயப்படுத்த வேண்டும். மூன்றையும் எழுதி இரு அமைச்சகங்களுக்கும் அனுப்புகிறோம். பதில் வரும்வரை பட்டறையை மூடி வைக்க முடியாது. எரிபொருள் லைனை அரைகுறையாக மாற்றுவதை நாமே நிறுத்திக்கொள்ளலாம்: டேங்க் ஃப்யூயல் கேஜ் யூனிட்டின் கார்க் கேஸ்கட்டிலிருந்து நீடில் வால்வு முனை வரை ஒரே வேலையாகப் பேசி எடுங்கள். ஹோஸில் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற அச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது விலை கூடத்தான். கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் டியூபை எக்ஸாஸ்ட் பக்கத்தில் போடுவதைவிட மலிவு. யூனியனில் ஸ்பேனர் வைக்குமுன் பேட்டரியின் எர்த் வயர் கழன்றிருக்க வேண்டும். பழைய லூக்காஸ் வண்டிகளில் எர்த் பாசிட்டிவ் என்பதைப் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். குழியில் ஆள் இருக்கும்போது மேலே பெட்ரோல் பைப் திறக்கக் கூடாது. ஹேண்ட் லேம்ப் 12 வோல்ட் எல்இடியாக மாறட்டும். தீயணைப்பு சிலிண்டர் வாங்குவதென்றால் டிரை பவுடர் வாங்குங்கள். சாதாரண ஃபோமை எத்தனால் உடைக்கும். வாயால் உறிஞ்சுவதை இன்றோடு விடுங்கள், கைப்பம்ப் பெரிய விலை இல்லை.

ஓனர் ஒத்துக்கொள்ளாவிட்டால்? “டியூனிங் மட்டும் பண்ணுங்க, லைனெல்லாம் அப்புறம் பாக்கலாம்” என்பவர்கள் வருவார்கள். ஜாப் கார்டில் ஒரு வரி சேருங்கள்: ‘எரிபொருள் லைன் மாற்றச் சொன்னோம், உரிமையாளர் வேண்டாம் என்றார்.’ கீழே அவர் கையெழுத்து, தேதி. பேனாவைக் கையில் கொடுத்ததும் பலர் லைனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள்.